குதிரைக்குப் பின் வந்த ஜீப்

நம் நாட்டில் ஜீப்பின் கதையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரிலிருந்து தொடங்குகிறார்கள். நடுவில் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கும் பழைய சினிமாக் காட்சி ஒன்று வரும். அங்கிருந்து நேராக இன்றைய மஹிந்திரா தாருக்கும் சுசுகி ஜிம்னிக்கும் தாவிவிடுவார்கள். பட்டாளத்து வண்டி அதிகாரியின் வண்டியானது, அதிகாரியின் வண்டி இளைஞர்களின் ஆசை வண்டியானது என்பதோடு கதை முடிந்துவிடும். சென்னைக்கோ டெல்லிக்கோ இந்த வரிசை பொருந்தலாம். திண்டுக்கல்லுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. இந்த ஊரிலும் இதன் மலையடிவாரங்களிலும் நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டிக்கு முன்னோர் பொதி சுமந்த குதிரையும் மாடும்தான். காருக்கும் அதற்கும் உறவு தூரம். அந்த வண்டி எங்கே ஓடியது, எதை ஏற்றியது, எந்தக் கணக்கில் வாடகை வாங்கியது, எப்போது வேலை இழந்தது என்று விசாரித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கேள்வியும் மலைப்பாதையில்தான் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் ஊரின் கிடப்பு. திண்டுக்கல் சமவெளியில் இருக்கிறது. 1605-ல் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டத் தொடங்கிய மொட்டைப் பாறை ஊருக்கு அடையாளம். தென்கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நிலம் வறண்ட நிலம். செம்மண் காட்டு வண்டிப்பாதைகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கெட்டிப்பட்டே இருக்கும். புகையிலைக்கும் பருத்திக்கும் நிலக்கடலைக்கும் மாட்டு வண்டி தாராளமாகப் போதும். 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போன ரயில் பாதை ஊருக்கு நடுவே வந்துவிட்டது. சுருட்டு, பூட்டு, தோல் என்று திண்டுக்கல்லுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தொழில்கள் எல்லாமே தரைத் தொழில்கள். அவற்றில் எதற்கும் மேடு ஏறும் வண்டி தேவைப்படவில்லை. ஊர் தன் சமவெளியை மட்டுமே நம்பிப் பிழைத்திருந்தால் இங்கே ஜீப்புக்கு வேலையே இருந்திருக்காது. வேலை கொடுத்தது மலை விளைச்சல். சிறுமலையின் வாழையும் எலுமிச்சையும் பலாவும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர்ப் பக்கத்துக் காபியும் மிளகும் விருப்பாச்சி வாழையும் கீழே இறங்கியாக வேண்டும். அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் மேலே ஏறியாக வேண்டும்.

இந்த ஏற்ற இறக்கத்தை மோட்டார் வருவதற்கு முன் யார் செய்தார்கள் என்பதற்குக் கொடைக்கானலே நல்ல சாட்சி. அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் 1845-ல் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய எழுபது வருஷம், மேலே போக நினைத்தவர்கள் குதிரையில் ஏறினார்கள், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து ஆட்கள் சுமக்கப் போனார்கள், அல்லது நடந்தார்கள். ரயிலில் வந்தவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். இன்று அந்த நிலையத்துக்கே கொடைக்கானல் ரோடு என்று பெயர். அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. மேஜர் லா 1870-களில் அளந்து குறித்த மலைச்சாலை, மோட்டார் ஏறும் அளவுக்கு முடிய முதலாம் உலகப் போர்க் காலம் ஆகிவிட்டது. கொடைக்கானலுக்கு ஒரு சாலை கிடைத்ததற்குக் காரணம் அங்கே கோடைக்கு வந்து தங்கியவர்களின் செல்வாக்கு. அதே மலையின் கீழ்ச்சரிவில் காபியும் வாழையும் போட்ட ஊர்களுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய தடத்தில் இருக்கும் வெள்ளகவி, புதிய சாலை வேறு பக்கமாகப் போய்விட்டதால் நடைபாதை ஊராகவே தங்கிப்போனது. நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் ஊர் என்று அதன் பெயர் இந்த நூற்றாண்டிலும் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருக்கிறது.

சிறுமலையில் இந்தப் பழைய ஏற்பாடு கண்ணெதிரே இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை போய்விட்டது. அரசுப் பேருந்தும் போகிறது. ஆனால் தோட்டங்கள் சாலையோரத்தில் இல்லை. பள்ளத்தாக்கிலும் சரிவிலும் கிடக்கும் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் சாலை வரைக்கும் கொண்டுவருவது இன்றும் குதிரைதான். தை மாதம் அந்தோணியார் கோயில் திருவிழாவில் அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, மந்திரித்துக் கொண்டுவருகிறார்கள். குதிரைப் பொங்கல் என்றே அதற்குப் பெயர். ஜீப்புக்கு அதே மரியாதை ஆயுத பூஜையில் கிடைக்கிறது, சந்தனப் பொட்டும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமுமாக. சரக்கு எப்படி இறங்கினாலும் கடைசியில் போய்ச் சேருமிடம் ஒன்று: திண்டுக்கல் நகரத்துச் சிறுமலை செட். மலைச்சரக்கை ஏலம் போட்டு விற்கும் அந்தக் கமிஷன் மண்டிகளின் பெயரிலேயே மலை இருக்கிறது. தோட்டம், தடம், மண்டி என்ற இந்தச் சங்கிலி ஜீப் வருவதற்கு முன்பே முழுசாக இருந்தது. பின்னால் வந்த ஜீப் அதில் ஒரு கண்ணியை மட்டும் மாற்றியது.

ஜீப் பிறந்தது போருக்காக என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அமெரிக்க ராணுவம் 1940-ல் சின்னதாக, இலேசாக, நாலு சக்கரத்திலும் இழுவையுள்ள உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பான்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்தது. வில்லிஸும் ஃபோர்டும் 1941-லிருந்து 1945-க்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி 80 அங்குலம், எஞ்சின் சக்தி 60 குதிரை. ஆனால் போர் முடிந்ததும் வில்லிஸ் என்ன செய்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1945-லேயே பொதுமக்களுக்கான ஜீப்பைக் கொண்டுவந்து, அதை விவசாயிக்குத்தான் முதலில் விற்கப் பார்த்தது. ஏர் பூட்டலாம், எஞ்சின் சக்தியை எடுத்து வேறு இயந்திரத்தை ஓட்டலாம், மூட்டை ஏற்றலாம் என்பதே விளம்பரம். உழவுக்கு அந்த வண்டி சரிப்படவில்லை, டிராக்டர் வென்றது. ஆனாலும் செய்தவர்கள் அதை யாருடைய கொட்டடியில் நிறுத்தக் கனவு கண்டார்கள் என்பது தெளிவு. 1945-ல் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி (குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரான பிறகு, 1948-ல், மஹிந்திரா அண்ட் மஹிந்திரா) வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக இறக்கிப் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கேயே செய்தது. உயர்ந்த பானட் கொண்ட சிஜே-3பி மாதிரியை அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதன் வாரிசுகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தன.

என் வாதத்துக்கு வலுவான சான்று வண்டியின் வயிற்றில் இருக்கிறது. ஆரம்ப கால ஜீப்புகள் பெட்ரோல் வண்டிகள். மலையேற்றத்தில் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அப்படி ஒரு வண்டியை வாடகைக்கு ஓட்டிக் கட்டுப்படியாகாது. மஹிந்திரா 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கியிருந்தது. அந்தக் கம்பெனியின் பி-275 டிராக்டரிலிருந்து பிறந்த டீசல் எஞ்சினைத்தான் ஜீப்பில் வைத்தார்கள். அதற்குப் பின் மலைப்பாதையில் கேட்ட ஜீப் சத்தம் அச்சாக டிராக்டரின் சத்தம். வேகம் கிடையாது, இழுவை உண்டு. பழுதானால் டிராக்டர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார், உதிரி பாகம் உழவர் ஊர்களிலேயே கிடைக்கும். எண்பதுகளில் வந்த பியூஜோ டீசல் எஞ்சின் கொஞ்சம் நாகரிகமானது என்றாலும் அதுவும் அவசரப்படாத எஞ்சின். பட்டை ஸ்பிரிங், தகரக் கதவு அல்லது கதவே இல்லாத பக்கம், கழற்றி மாட்டும் படுதா, பின்னால் எதிரெதிராக இரண்டு நீளப் பலகை. படுதாவைச் சுருட்டி, பலகையை மடக்கிவிட்டால் மூட்டை அடுக்க இடம்; பலகையை இறக்கினால் ஆள் உட்கார இடம். பொதிச் சேணத்திலும் இதே ஏற்பாடுதான், ஒரு டிரிப்புக்கு மூட்டை, மறு டிரிப்புக்கு ஆள். இந்த வண்டியைக் காரோடு ஒப்பிட்டுச் சொகுசு போதாது என்று குறைசொன்னவர்கள், அது எந்த வேலைக்காக வாங்கப்பட்டது என்பதை யோசிக்கவில்லை.

நாலு சக்கர இழுவை எப்போது தேவைப்பட்டது என்பதற்கு மழையிடம்தான் விடை கேட்க வேண்டும். பழனி மலையின் கீழ்ச்சரிவும் சிறுமலையும் தங்கள் மழையில் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி கார்த்திகையில் வாங்கிக்கொள்பவை. அராபிகா காபி பழுத்துப் பறிப்பு தொடங்குவதும் அந்த மாதங்களில்தான். பறித்த பழத்தை அன்றன்றைக்கே தோல் நீக்கியாக வேண்டும், போட்டு வைத்தால் புளித்துச் சரக்கு கெடும். தோட்டத்திலிருந்து தோல் நீக்கும் பல்பர் இருக்குமிடத்துக்கும், உலர்த்திய பிறகு பட்டிவீரன்பட்டி போன்ற அடிவார ஊர்களின் காபிப் பதனிடும் ஆலைகளுக்கும் சரக்கு நகர வேண்டிய காலமும், தடம் சேறாகிக் கிடக்கும் காலமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. வருஷத்தின் மற்ற எட்டு மாதம் சாதாரண வண்டியே சமாளிக்கும் தடத்தில், காசு கையில் சேரும் அந்த நாலு மாதம் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்காவிட்டால் வண்டி நகராது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டிக் கம்பிகளுக்கு அப்போதுதான் வேலை. ஒன்றைத் தள்ளினால் முன் அச்சுக்கும் சக்தி போகும். மற்றதை மாற்றினால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, இழுவை இரட்டிப்புக்கும் மேலே ஏறும். மூட்டையோடு ஒரு சகதிப் பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்கு மனிதன் நடக்கும் வேகமே அதிகம் என்பது ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு சர்க்கார் ஜீப். திண்டுக்கல் சீமையில் மக்கள் முதலில் பார்த்த ஜீப் அதிகாரியுடையது. ஆகவே அது அதிகாரத்தின் வண்டி, பொதி வண்டி அல்ல என்று சொல்லலாம். சொல்வதில் உண்மை இருக்கிறது. 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு ஜீப் என்பது செலவுத் திட்டத்திலேயே சேர்ந்த பொருள். காந்திகிராமத்தை 1947-ல் நிறுவிய சௌந்தரம் ராமச்சந்திரனின் முயற்சியில் ஆத்தூர் வட்டாரத்தில் 1959-ல் தொடங்கிய சுகாதாரப் பரிசோதனைத் திட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது. கிராமம் கிராமமாகப் போக வேண்டிய அந்தக் காலத்துத் திட்டம் எதையும் ஜீப்பைத் தவிர்த்து நினைத்துப் பார்க்க முடியாது. தேசிய அளவில் பார்த்தால், 1948-ல் லண்டனில் வி. கே. கிருஷ்ண மேனன் வழியாக ராணுவத்துக்கு வாங்கிய ஜீப்புகளில் 155 மட்டுமே வந்து சேர்ந்த விவகாரம் சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் குற்றச்சாட்டு என்றே பெயர் வாங்கியது. ஆனால் இந்தச் சர்க்கார் ஜீப்புக்குப் பிற்கால வாழ்க்கை ஒன்று உண்டு. ஆயுள் முடிந்ததும் அது கண்டம் வண்டியாகி ஏலத்துக்கு வரும். பட்டாள ஏலத்து வண்டிகளும் அப்படித்தான். புது ஜீப் வாங்க வசதியில்லாத மலைத்தோட்டக்காரரும் வண்டிக்காரரும் வாங்கியது இவற்றைத்தான். அதிகாரியை ஏற்றியது வண்டியின் முதல் பத்து வருஷம். மிச்சமிருந்த இருபது முப்பது வருஷம் வாழைத்தாரையும் மிளகு மூட்டையையும் ஏற்றியது. ஒரு வண்டியின் வரலாற்றை எழுதுகிறவர் முதல் உரிமையாளரோடு நிறுத்திவிடுவது பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. மலையில் வாடகைக்கு ஓடிய ஜீப்புகளில் பாதிக்கு மேல் நாலு சக்கர இழுவையே இல்லாதவைதானே, அப்புறம் என்ன ஃபோர் வீல் வரலாறு என்பது. கமாண்டர், மார்ஷல் என்று தொண்ணூறுகளில் வந்த நீள வண்டிகள் பெரும்பாலும் பின்சக்கர இழுவை மட்டும் உள்ளவைதான். ஆளை அதிகம் ஏற்றலாம், விலையும் குறைவு. இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை, இன்னும் தெளிவாக்குகிறது. பழைய ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றியாக வேண்டும். ஈர மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்காது; ஸ்டீயரிங் கட்டிப்போடும், டயர் தேயும், கியர்ப்பெட்டி முறுக்கேறி உடையவும் கூடும். ஆகவே சிறுமலைச் சாலையின் 18 வளைவுகளில் நாலு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டுவது தப்பு. தார் போட்ட மலையில் வேண்டியது குட்டையான சக்கர இடைவெளி, தரையிலிருந்து உயரம், தாழ்ந்த கியர், பிரேக். தார் இல்லாத மலையில்தான் நாலு சக்கர இழுவை. எந்த வண்டியில் அந்த இழுவை இருந்தது, எதில் இல்லை என்று கணக்கெடுத்தால் எந்தத் தோட்டத்துக்குச் சாலை வந்தது, எதற்கு வரவில்லை என்ற வரைபடமே கிடைத்துவிடும். வசதிக்கும் பெருமைக்கும் யாரும் முன் அச்சுக்குக் காசு கொடுக்கவில்லை. தடம் கேட்ட இடத்தில் மட்டும் கொடுத்தார்கள்.

ஆள் ஏற்றிய கதையை இங்கே சேர்த்தாக வேண்டும், ஏனென்றால் சரக்கு ஜீப்பும் ஆள் ஜீப்பும் ஒன்றே. பத்து பேர் ஏற வேண்டிய வண்டியில் இருபது பேர், பின் படியில் தொற்றிக்கொண்டு நாலு பேர், பானட் மேல் ஒருவர் என்று அடிவாரத்திலிருந்து ஏறும் ஜீப்பை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் குறைவு. சட்டப்படி அது தவறு. தனியார் பதிவு வண்டிக்கு ஆள் ஏற்றிக் கட்டணம் வாங்க உரிமை கிடையாது. போலீசும் ஆர்டிஓவும் கண்டும் காணாமல் விட்டதற்குக் காரணம் மாற்று வழி இல்லாததுதான். இந்தப் பேரத்தில் பயணிக்கும் நஷ்டம் உண்டு என்பதைச் சொல்லாமல் ஜீப்பைப் புகழ்வது நியாயமாகாது. பட்டிவீரன்பட்டிக்காரரான டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்சை ரத்து செய்வேன் என்று உத்தரவு போட்டவர். அந்த உத்தரவுக்குப் பல் இருந்ததற்குக் காரணம் பஸ்ஸுக்கு லைசென்ஸ் இருந்தது. லைசென்சே இல்லாத வண்டியை எந்த லைசென்சைக் காட்டி மிரட்டுவது? யாரை ஏற்றுவது, யாரை எங்கே உட்கார வைப்பது, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் வண்டிக்காரரின் மனசு. விபத்தானால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. குதிரைக்காரனுக்கும் சுமைகூலிக்கும் இருந்த அதே வாய்ப்பேச்சு ஒப்பந்தம் மோட்டார் காலத்திலும் அப்படியே தொடர்ந்தது.

தார்ச்சாலை மேலே ஏற ஏற ஜீப் பின்வாங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் மினி பஸ் திட்டம் வந்து ஆளை எடுத்துக்கொண்டது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. சாலை முனை வரைக்கும் வந்த வாழைத்தாரை அதைவிட மலிவாக யாராலும் இறக்க முடியவில்லை. பொலிரோ பிக்கப் மீதியைப் பார்த்துக்கொண்டது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு இறங்கும் மலைச்சரக்கைப் பார்த்தாலே போதும், அதில் ஜீப்பின் பங்கு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது தெரியும். விளைச்சலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. எழுபதுகளில் முடிக்கொத்து நோய் சிறுமலை வாழையைச் சூறையாடிவிட்டது. சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது பழைய பரப்பில் சொற்பமே மிச்சம். ஜீப் குதிரையின் வாரிசு என்றால் ஜீப் வந்ததும் குதிரை ஒழிந்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஜீப் குதிரையை ஒழிக்கவில்லை, இன்னும் மேலே தள்ளியது. முன்பு தோட்டத்திலிருந்து அடிவாரம் வரை நடந்த குதிரை, பிறகு தோட்டத்திலிருந்து ஜீப் நிற்குமிடம் வரை நடந்தது. அதே போல டாடா ஏஸ் ஜீப்பைச் சாலை முனைக்கு மேலே தள்ளியது. எல்லோருக்கும் மேலே இன்னும் குதிரை நிற்கிறது. நத்தம் தொகுதியில் லிங்கவாடி மலையூருக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போவதைப் பத்திரிகைகள் வேடிக்கைப் படமாகப் போடுகின்றன. ஜீப்பும் ஏற முடியாத தடம் எது என்பதற்கு அரசே தரும் சான்றிதழ் அது.

இன்றைக்குத் திண்டுக்கல் நகரத்தில் நாலு சக்கர இழுவை வண்டி வாங்குகிறவர்கள் இந்த வரிசையில் வருகிறார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுடைய குலம் வேறு. மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமான 1985-ன் கடைசியில்தான் மாருதி ஜிப்ஸியும் வந்தது. ஒரு லிட்டருக்கும் குறைந்த பெட்ரோல் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, நாலு சக்கர இழுவை. ஜப்பானில் 1970-ல் 360 சிசி எஞ்சினோடு தொடங்கிய சுசுகி ஜிம்னியின் கிளை அது. போலீசும் பட்டாளமும் ராலி ஓட்டிகளும் விரும்பினார்கள். மலைத்தோட்டக்காரர் பெட்ரோல் செலவைப் பார்த்து ஒதுங்கிவிட்டார். பொதி வண்டியும் ஆசை வண்டியும் பிரிந்த இடம் அது. 2010-ல் வந்த முதல் மஹிந்திரா தார் இரண்டுக்கும் நடுவே நின்றது. 2020-ல் வந்த தார் ஆசை வண்டியின் பக்கம் முழுசாகச் சாய்ந்தது. 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி வந்தது. இரண்டும் நீளத்தில் ஒன்று, 3985 மில்லிமீட்டர். நாலு மீட்டருக்குள் அடங்கும் வண்டிக்கு வரிச்சலுகை வாய்ப்பு உண்டு என்பது நம் ஊர் வண்டிகளின் நீளத்தையே தீர்மானிக்கிறது. அதே 2023 ஜனவரியில் மஹிந்திரா தாரைப் பின்சக்கர இழுவையோடும் விற்கத் தொடங்கியது, பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஆரம்ப விலையில். கமாண்டர் காலத்தில் முன் அச்சை விட்டுக்கொடுத்தவர் அந்த மிச்சத்தில் ஆள் ஏற்றும் இடம் வாங்கினார். இப்போது முன் அச்சை விட்டுக்கொடுப்பவர் வாங்குவது தோற்றம். நாலுவழிச்சாலையில் அகல டயரோடு போகும் வண்டிக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. புல்லட் வாங்குகிறவர் எல்லோரும் எல்லையில் காவல் காக்கிறாரா? ஆனால் இந்தப் பழக்கத்தைப் பழைய மலை ஜீப்பின் தொடர்ச்சி என்று விளம்பரப் படங்கள் காட்டும்போது வரலாறு இடிக்கிறது. வார இறுதிக்குச் சேறு தேடிப் போகிறவருக்கும், சேற்றைத் தவிர்க்க வழியில்லாமல் அதில் இறங்கியவருக்கும் வண்டியின் முகச்சாயல் மட்டும்தான் பொது.

பழைய வேலைக்கு ஜீப் இன்னும் தேவைப்படும் இடங்கள் எவை என்று பார்த்தால், அந்தப் பட்டியலை இப்போது தீர்மானிப்பது வனச் சட்டம். 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டு நிலத்தில் சாலை போட மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு கட்டுப்பாடு கூடியது. போர்க்காலத்தில் ஜப்பானியர் வந்தால் தப்பிக்க என்று கொடைக்கானலிலிருந்து மூணாறு பக்கம் சீர்படுத்திய மலைப்பாதை மூடிக் கிடப்பதும் இந்தச் சரணாலய மலைக்குள்தான். காட்டைக் காக்கும் இந்தச் சட்டங்களே மண் தடத்தை மண் தடமாக வைத்திருக்கின்றன. அதனாலேயே சில ஊர்களில் கண்டம் ஜீப்புக்கும் குதிரைக்கும் இன்னும் கூலி கிடைக்கிறது. மறுபக்கம், 2006-ன் வன உரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரை வேண்டும் என்ற வரம்புகளுக்குள் சாலைக்கு நிலம் ஒதுக்கலாம். பல கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தை ஒரு ஹெக்டேருக்குள் அடக்குவது எளிதல்ல. மூன்று மீட்டர் அகலத்தில் போட்டாலும் மூன்று கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதும் ஹெக்டேர் தீர்ந்துவிடும். அந்த அகலத்தில் பஸ் திரும்பாது. ஜீப் போகும்.